அடுக்களைக்கு ஏற்ற துளசி இனங்கள்

உடன்குடி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மக்களின் நினைவில் எழுவன இரண்டு பொருள்கள். ஒன்று கருப்பட்டி, மற்றொன்று வெற்றிலை. கருப்பட்டியின் புகழ் இன்றும் குன்றவில்லை. 2023-ஆம் ஆண்டில் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெற்றிலையின் கதை வேறு. ஒரு காலத்தில் வெளியூர்ச் சந்தைகளுக்கெல்லாம் கட்டுக் கட்டாகச் சென்ற உடன்குடி வெற்றிலை இன்று சுருங்கிய பரப்பிலேயே பயிராகிறது. கிணற்று நீர் உப்பாக மாறியது இதற்கு ஒரு முக்கியமான காரணம். கடலுக்கு அருகிலுள்ள மணற்பாங்கான நிலத்தில் மழை குறைந்து இறைப்பு மிகுந்தால், நிலத்தடியில் நன்னீர் விட்டுச் சென்ற இடத்தை உப்புநீர் பிடித்துக்கொள்கிறது. கொடிக்கால் வைத்திருந்த குடும்பங்கள் இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறியவில்லை. கண்ணெதிரே கண்டு அறிந்தன.

தாமிரபரணியின் எட்டுப் பழைய அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. உடன்குடியோ அதற்கும் அப்பால், தேரி மணலுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஊர். ஆற்றில் வெள்ளம் மிகும் காலத்திலேயே இவ்வட்டாரத்துக் குளங்களுக்கு உபரி நீர் வந்து சேருகிறது. ஆகவே இங்கு எச்செடியை நடுவது என்ற கேள்வி, உண்மையில் நன்னீரை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியே ஆகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது பெரிய பயிர் அன்று. வீட்டின் பின்புறத்தில், அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கொண்டே வளர்க்கத்தக்க துளசி இனங்களைப் பற்றியே கூறப் புகுகிறோம். ஒரு தொட்டிச் செடிக்குக் கோடையில் நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் தேவைப்படும். ஆறு தொட்டிகளுக்கு ஆறு லிட்டர் போதும். அந்நீர் பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் கீழே கொட்டப்படும் நீரேயாகும். ஆனால் அந்த ஆறு செடிகளும் அடுக்களைக்கு உண்மையில் உதவுவனவாக இருத்தல் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். நாற்று வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்குகின்றனரே அன்றி, அது எந்தச் சமையலுக்கு உதவும் என்று ஆராய்வதில்லை.

பெயர்க் குழப்பம்

துளசி என்ற ஒரே பெயரால் நம் மக்கள் பல செடிகளை அழைக்கின்றனர். இவை யாவும் தாவர நூலார் ஓசிமம் என்று கூறும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும் மணத்தாலும் சுவையாலும் ஆயுளாலும் இவை வேறுபட்டவை. ஓர் ஊரில் எலுமிச்சந்துளசி எனப்படும் செடி, பக்கத்து ஊரில் பெருந்துளசி எனப்படுகிறது. வேறோர் ஊரில் எலுமிச்சந்துளசி என்பது முற்றிலும் வேறு செடியாக இருக்கிறது. திருநீற்றுப் பச்சிலை என்று ஒருவர் கூறும் செடியையே மற்றொருவர் சப்ஜாச் செடி என்கிறார். அரபு மொழியில் அதற்கு ரைஹான் என்று பெயர். பல சமயத்தாரும் கலந்து வாழும் உடன்குடி, குலசேகரன்பட்டினம் போன்ற ஊர்களில், ஒரே தெருவில் ஒரே செடிக்கு மூன்று பெயர்கள் வழங்கினால் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே வாசகர்கள் முதற்பாடமாகக் கொள்ள வேண்டியது இது: பெயரைக் கொண்டு செடியைத் தேர்ந்தெடுக்கலாகாது. இலையின் மணத்தைக் கொண்டும், அது சேர வேண்டிய பாத்திரத்தைக் கொண்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனங்களை அறியும் முறை

முதலாவது, யாவரும் அறிந்த துளசி. இலையின் விளிம்பு சிறு பற்களைப் போல வெட்டுப்பட்டிருக்கும். தண்டில் மெல்லிய உரோமங்கள் காணப்படும். பச்சைத் துளசி, கருந்துளசி என இதில் இரு வகைகள் உண்டு. இலையைக் கசக்கினால் கிராம்பின் வாசனை எழும். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருளே இதிலும் இருப்பது அதற்குக் காரணம். நன்கு பராமரித்தால் இச்செடி இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை நிற்கும்.

இரண்டாவது, திருநீற்றுப் பச்சிலை. இதன் இலை துளசி இலையைவிடப் பெரியது, வழவழப்பானது, பளபளப்பானது. மணம் இனிப்புக் கலந்தது. பெரும்பாலும் சோம்பை நினைவூட்டும். இதன் கரிய விதையே சர்பத்திலும் பலூடாவிலும் இடப்படும் சப்ஜா. மேல்நாட்டினர் சமையலில் புகழ்பெற்ற இனிப்புத் துளசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்தாலி நாட்டு ஜெனோவா நகரத்தார் அதன் பச்சிலையை எண்ணெய், பருப்பு வகை, பூண்டு, பாலாடைக்கட்டி ஆகியவற்றுடன் அரைத்து ஒரு வகைத் துவையல் செய்கின்றனர். நம் வெப்பத்தில் அந்த அகன்ற இலை வகை விரைவில் பூத்து முற்றிவிடும். நாட்டு வகையோ வெப்பத்தை நன்கு தாங்கும். இவ்வினம் ஓராண்டுக்கு உட்பட்ட ஆயுளுடையது. ஆகையால் ஆண்டுதோறும் புதிதாக விதைக்க வேண்டும்.

மூன்றாவது, நாய்த்துளசி அல்லது கஞ்சாங்கோரை. சாலையோரங்களிலும் தரிசுகளிலும் தானே முளைப்பது, குட்டையானது, சிறு இலைகளை உடையது. இதன் மணம் இடத்திற்கு இடம் மாறுபடும். சில செடிகளில் கர்ப்பூர வாசனையும், சிலவற்றில் எலுமிச்சை வாசனையும் இருக்கும். கர்ப்பூர வாசனையுடையது சமையலுக்கு ஏற்றதன்று. எலுமிச்சை மணமுடைய வகைகள் இதற்கும் திருநீற்றுப் பச்சிலைக்கும் நெருங்கிய உறவின. அவை அடுக்களைக்கு மிகவும் பயன்படுவன.

நான்காவது, பெருந்துளசி. ஆள் உயரத்திற்குப் புதராக வளர்வது. பெரிய இலைகளை உடையது. சில ஆண்டுகள் நிற்பது. இதன் காரமான மணம் பலத்தது. ஆதலால் ஓர் இலையே ஒரு பாத்திரத்திற்குப் போதுமானது. தொட்டியில் இதனை வளர்ப்பது கடினம். வேலியோரத்தில் ஒரு செடி இருந்தால் போதும்.

இவை தவிர, லக்னோவில் உள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனத்தார் சிம்-ஆயு, சிம்-சௌம்யா முதலிய தெரிந்தெடுத்த இரகங்களை வெளியிட்டுள்ளனர். சிம்-ஆயு யூஜினால் மிகுந்த துளசி. சிம்-சௌம்யா திருநீற்றுப் பச்சிலை இனத்தைச் சேர்ந்தது. இவை பெரும்பாலும் எண்ணெய் வடிப்பதற்கும் மருந்துக்கும் உரியவை. வீட்டு அடுக்களைக்கு மணம் அறிந்து தெரிந்தெடுத்த நாட்டுச் செடியே போதும் என்பது நமது கருத்து.

தேர்ந்தெடுப்பதற்கு ஓர் எளிய பரீட்சை

செடியை நடுவதற்கு முன் மூன்று பரீட்சைகள் செய்து பார்த்தல் நலம். இதற்கு வேண்டுவன மூன்று இலைகள் மட்டுமே.

முதல் இலையைக் கசக்கி முகர்ந்து, அதன் நுனியை மென்று பார்க்க வேண்டும். மருந்து நெடியோ நாக்கை மரக்கச் செய்யும் காரமோ மிகுந்திருந்தால், அதைத் துவையலுக்குக் கொள்ளலாகாது.

இரண்டாவது இலையை ஒரு தம்ளர் கொதிநீரில் இட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்துப் பருக வேண்டும். மணம் நின்று, கசப்புத் தோன்றாதிருப்பின் அது சுக்குக் காப்பிக்கும் ரசத்திற்கும் உரியது.

மூன்றாவது இலையைச் சூடான எண்ணெயில் ஒரு நொடி புரட்டி எடுக்க வேண்டும். துளசி இத்தகைய சூட்டைத் தாங்கி மணக்கும். இனிப்பு மணமுடைய திருநீற்றுப் பச்சிலை சூட்டில் தன் மணத்தைப் பெரிதும் இழந்துவிடும். ஆதலின் அதனைத் தாளிப்பில் இடாமல் இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

இப்பரீட்சை முடிந்தபின் குடும்பத்தின் வழக்கத்தைக் கருத வேண்டும். அன்றாடம் சுக்குக் காப்பி பருகும் வீட்டிற்குத் துளசி இரண்டு தொட்டியும், கோடையில் சர்பத்தும் பானகமும் மிகுதியாகச் செய்யும் வீட்டிற்குத் திருநீற்றுப் பச்சிலை மூன்று தொட்டியும், மீன் உணவு மிகுதியாகக் கொள்ளும் வீட்டிற்கு எலுமிச்சை மணமுடைய வகை ஒரு தொட்டியும் பொருந்தும். துளசி மாடத்தில் வழிபாட்டிற்கு வைத்துள்ள செடியைச் சமையலுக்குப் பறிக்க விரும்பாத குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் அடுக்களைக்கெனத் தனியே ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்வது சிறந்தது.

மண்ணும் நீரும்

தேரி மணல் நீரைத் தாங்காது. தழைச்சத்தும் அதில் குறைவு. ஆகவே ஒரு பங்கு மணல், ஒரு பங்கு குளத்துக் கரம்பை, ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் என்ற அளவில் கலந்துகொள்ள வேண்டும். மக்காத சாணம் வேரைச் சுடும். தென்னை நார்க் கழிவு சேர்ப்பதாயின், நன்னீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். அதில் உப்புத் தங்கியிருப்பதுண்டு. தொட்டியின் அடியில் துளையிருத்தல் அவசியம். துளையில்லாத வாளியில் வைத்த செடி மழைக்காலத்தில் வேரழுகி மடியும்.

கிணற்று நீரைப் பாய்ச்சுவதற்கு முன் அதனை வேளாண்மை விரிவாக்க மையத்தின் வழியாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மின்கடத்துதிறன் என்ற அளவு ஒன்றுக்குக் குறைவாயின் கவலையில்லை. இரண்டுக்கு மேற்படின் இளநாற்றுக்கு அந்நீரை ஊற்றலாகாது. பரிசோதிக்க வசதியில்லாதவர்கள் இலையைக் கவனித்தும் ஓரளவு அறியலாம். நீர் குறையாதிருந்தும் இலையின் ஓரங்கள் பழுப்பேறிக் கருகுமாயின் உப்பின் வேலை என்று ஐயுறலாம். அப்போது நல்ல நீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வடியுமாறு ஒரு முறை நிறைய ஊற்றி, மண்ணின் உப்பைக் கழுவி விட வேண்டும். மழைக்காலத்தில் கூரை நீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு இத்துன்பமே இராது.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் செடிக்கு மிகவும் ஏற்றது. மீன் கழுவிய நீரில் உப்பு இல்லையாயின் அதையும் வேரடியில் ஊற்றலாம். ஆனால் சோப்பும் சலவைத் தூளும் கலந்த நீரை, உண்ணும் இலைச் செடிக்கு ஒருபோதும் ஊற்றலாகாது.

விதைப்பும் நடவும்

இவ்வட்டாரத்திற்கு ஏற்ற பருவங்கள் இரண்டு. வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்தபின் தை, மாசி மாதங்களில் விதைப்பது முதலாவது. ஆவணியில் விதைத்து, ஐப்பசி மழைக்கு முன் செடியை உரமேற்றிக்கொள்வது இரண்டாவது. பெருமழையில் இளநாற்று நிற்பதரிது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தொட்டிகளைச் செங்கல்லின் மீது உயர்த்தி வைப்பதும், விதையில் ஒரு பகுதியை வீட்டினுள் பத்திரப்படுத்துவதும் அத்தகைய நாட்களுக்கான முன்னேற்பாடுகள்.

விதை மிகவும் நுண்ணியது. அதனை மண்ணில் புதைத்தலாகாது. நாமும் முதன்முறை அரை அங்குல ஆழத்தில் விதைத்து, இரு வாரங்கள் காத்திருந்து ஏமாந்தோம். பின்னர் விதையை மெல்லிய மணலுடன் கலந்து மேலாகத் தூவி, கையால் இலேசாக அழுத்தி விட்டபோது பெரும்பாலும் முளைத்தன. பூவாளியால் தெளித்து ஈரம் காக்க வேண்டும். திருநீற்றுப் பச்சிலை ஒரு வாரத்திலும், துளசி அதனினும் சில நாட்கள் தாமதித்தும் முளைக்கும். நாற்றுகளுக்கு மேல் பனை ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்தால் நடுப்பகல் வெயிலும், மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும் கச்சான் காற்றும் தாக்கா.

நாற்று நான்கு அல்லது ஐந்து இலைகள் விட்டதும், ஏறத்தாழ ஆறு வாரங்களில், எடுத்து நட வேண்டும். மாலை நேரம் நடவுக்கு ஏற்றது. தரையில் நடுவோர் செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட வேண்டும். தொட்டி எனில் ஓர் அடி விட்டமுள்ள தொட்டியில் ஒரு செடி போதும். முன்னரே நல்ல மணமுள்ள செடி ஒன்று கிடைத்திருப்பின் விதையை நாட வேண்டியதில்லை. பூக்காத கிளையொன்றை நான்கு அங்குல நீளத்திற்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, நீருள்ள குவளையில் நிழலில் வைத்தால் இரு வாரங்களுக்குள் வேர் விடும். தாய்ச் செடியின் மணம் சிறிதும் மாறாமல் பெறுவதற்கு இதுவே சிறந்த வழி.

கொய்யும் முறை

இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளுவது தவறு. செடி அரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் இரு பக்கமும் கிளைகள் வெடிக்கும். பின்னர் வேண்டும்போதெல்லாம் கிளையின் நுனியை, கீழே இரண்டு கணு இலைகள் நிற்குமாறு கொய்ய வேண்டும். ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. பூங்கதிர் தோன்றியவுடன் கிள்ளி விட வேண்டும். பூத்துவிட்டால் இலை சிறுத்துக் கசப்பேறும். விதைக்கென ஒதுக்கிய செடியை மட்டும் பூக்க விடலாம்.

காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் கொய்த இலையில் மணம் மிகுந்திருக்கும். திருநீற்றுப் பச்சிலையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். காம்புடன் ஒரு குவளை நீரில் வைத்தாலே இரண்டு மூன்று நாட்கள் வாடாது. உலர்த்துவதாயின் நிழலில் உலர்த்த வேண்டும்.

பூச்சியும் நோயும்

துளசியைச் சல்லடை இறகுப் பூச்சி என்ற சிறு பூச்சி தாக்குவதுண்டு. இலைகள் வெளுத்துச் சுருண்டு, அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் தென்படின் அப்பூச்சி இருப்பதை அறியலாம். முதலில் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிடின், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். தெளித்த பின் ஒரு வாரம் இலை பறிக்கலாகாது. உண்ணும் இலையில் இரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டா. திருநீற்றுப் பச்சிலையில் இலையின் மேற்புறம் மஞ்சள் பாய்ந்து, அடிப்புறம் சாம்பல் பூத்தாற் போலத் தோன்றுவது பூசண நோய். செடிகளைக் காற்றோட்டமாக வைப்பதும், இலையின் மேல் நீர் படாமல் வேரடியில் ஊற்றுவதும் அதனைத் தடுக்கும்.

விதையைக் காப்பது

இவ்வினங்களின் பூக்களைத் தேனீக்கள் மிகவும் விரும்பும். தேனீக்களுக்கும் தோட்டத்திற்கும் அது நன்மையே. ஆனால் ஒரே இனத்தின் இரு வகைகள் அருகருகே பூத்தால் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறைச் செடியில் மணம் மாறிவிடும். பச்சைத் துளசியும் கருந்துளசியும் இவ்வாறே கலக்கும். சோம்பு மணமுள்ள வகையும் எலுமிச்சை மணமுள்ள வகையும் கலந்தால் இரண்டின் சிறப்பும் கெடும். "முன்பு இருந்த மணம் இப்போது இல்லை" என்று பல வீடுகளில் கூறப்படுவதற்கு மண்ணின் குறையைவிட இக்கலப்பே காரணமாக இருக்கக்கூடும்.

இதனைத் தவிர்க்க வழி உண்டு. விதைக்கென வைத்த கதிரின் மேல், பூ மலருமுன், மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட வேண்டும். விதை சற்றுக் குறைவாகப் பிடிப்பினும் இனம் தூயதாக நிற்கும். கதிர் பழுப்பேறிக் காய்ந்ததும் வெட்டி, நிழலில் உலர்த்தி, உதிர்த்துப் புடைத்து, சாம்பல் கலந்து கண்ணாடிக் குப்பியில் அடைக்கலாம். குப்பியின் மேல் பெயரை மட்டுமன்றி, மணம் இன்னது என்றும், விதை எடுத்த மாதமும் ஆண்டும் இன்னவை என்றும் எழுதி ஒட்ட வேண்டும்.

அடுக்களையில் பயன்

சுக்குக் காப்பிக்கு நான்கு தம்ளர் நீரில் சுண்டுவிரல் நீளச் சுக்கை நசுக்கிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதையும் ஆறு மிளகும் பொடித்துச் சேர்த்து, மூன்று தம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கவிட வேண்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மணல் போக வடிகட்டிச் சேர்க்க வேண்டும். இறக்கிய பின்னரே பத்து, பன்னிரண்டு துளசி இலைகளை இட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். இலையை முதலிலேயே இட்டுக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியாகிப் போக, கசப்பு மட்டுமே எஞ்சும்.

தாய்லாந்து மக்கள் நம் துளசியைக் கப்ராவ் என்று அழைத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இறைச்சியுடன் வதக்கி உண்கின்றனர். தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்புகளில் இனிப்பு மணமுள்ள வகையை இறக்கும் தறுவாயில் இடுகின்றனர். தேங்காய்ப்பால் சொதி திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதன்று. சொதியை இறக்கியவுடன் திருநீற்றுப் பச்சிலை நான்கைந்து கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். எலுமிச்சை மணமுள்ள இலையை மீன் குழம்பில் அவ்வாறே சேர்க்கலாம். துவையலுக்குப் பாதிக் கொத்தமல்லித் தழையும் பாதித் திருநீற்றுப் பச்சிலையும் கொண்டு, தேங்காய், பச்சைமிளகாய், புளி, உப்பு ஆகியவற்றை முதலில் அரைத்து, இலைகளைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்று மட்டும் அரைக்க வேண்டும்.

சப்ஜா விதை ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வழுவழுப்பாகப் பருத்துவிடும். அதனைக் கருப்பட்டிப் பானகத்திலோ, பருவ காலத்தில் பதநீரிலோ சேர்த்துப் பருகலாம். கடையில் விலைக்கு வாங்கும் இவ்விதையை மூன்று செடிகளிலிருந்தே ஒரு குடும்பத்தின் தேவைக்கு ஓரளவு எடுத்துக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள்

சப்ஜா விதையை உலர்ந்த நிலையில் விழுங்கலாகாது. அது தொண்டையில் பருத்து அடைப்பை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு ஊறிய விதையையும் கவனத்துடனேயே கொடுக்க வேண்டும். சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் சில இலைகளால் தீங்கில்லை. ஆனால் கருவுற்ற பெண்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும் துளசிச் சாற்றையோ கஷாயத்தையோ அன்றாடம் மிகுதியாகக் கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். காய்ச்சலுக்குத் துளசிக் கஷாயம் போதும் என்று எண்ணி மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பூச்சந்தையில் மாலைக்காக விற்கப்படும் துளசி உண்பதற்காக வளர்க்கப்பட்டதன்று. அதைச் சமையலுக்குக் கொள்ளாதிருத்தல் நலம்.

விவசாயிகளுக்கும் ஒரு சொல் கூறுதல் கடமையாகும். எண்ணெய்க்காகத் துளசியை ஏக்கர் கணக்கில் பயிரிட்டால் பெரும் இலாபம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வடித்தெடுக்கும் சாதனமும், வாங்குபவரின் எழுத்து மூலமான உறுதியும் இல்லாமல் அதில் இறங்கலாகாது. வெற்றிலைக் கொடிக்கால் விட்டுச் சென்ற வருமானத்தை ஆறு தொட்டித் துளசி ஈடு செய்யும் என்று நாம் கூறவில்லை. அடுக்களைக்கு உதவும், கொட்டும் நீரைப் பயனாக்கும், நல்ல விதையை ஊரில் நிறுத்தும். இவ்வளவே நாம் கூறுவது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இப்பணிக்குப் பெருநிதி வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஜனவரி 26-ஆம் நாள் கூட்டம், நாம் மேலே கூறிய தை மாத விதைப்புப் பருவத்திலேயே அமைகிறது. உடன்குடி ஒன்றியத்து ஊராட்சிகளில் அன்றைய தினம், மணம் அறிந்து பெயரெழுதிய விதைக் குப்பிகளை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் வெட்டுக்கிளைகளை வேர்விடச் செய்து நாற்றாகக் கொடுக்கலாம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கை கழுவும் நீர் சோப்பின்றி வடியும் இடமிருப்பின், அங்கே ஒரு சிறு பாத்தி அமைக்கலாம். கிணறுகளின் நீரைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, அந்த அளவுகளை ஊராட்சி அலுவலகத்தில் யாவரும் காண எழுதி வைப்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. துளசிக்கு மட்டுமன்றி, எஞ்சியுள்ள கொடிக்கால்களுக்கும் முருங்கைக்கும் தென்னைக்கும் அக்கணக்கு உதவும். செடி நோய்கள் பற்றிய ஐயங்களுக்கு இம்மாவட்டத்திலேயே உள்ள கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியை அணுகலாம்.

முடிவாக, ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் படித்து முடித்தவர்கள் உடனே நாற்று வாங்கப் புறப்பட வேண்டா. முதலில் தங்கள் வீட்டு முற்றத்திலும், பக்கத்து வீட்டு வேலியோரத்திலும் ஏற்கெனவே நிற்கும் செடிகளின் இலைகளைக் கேட்டுப் பெற்று, கசக்கி முகர்ந்து, கொதிநீரில் இட்டுப் பார்க்கட்டும். நல்ல இனம் பெரும்பாலும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு கிளையை வாங்கி வேர்விடச் செய்து, இன்று கீழே கொட்டும் நீரை நாளை அதற்கு ஊற்றினால், இவ்வாண்டுப் பதநீர்ப் பருவம் முடிவதற்குள் அதன் இலை அடுக்களைக்கு வந்து சேரும்.